செடியாவை எவோ ஆக்க முடியுமா?

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாமா வாங்கிய 2007 மாடல் மிட்சுபிஷி லான்சர் செடியா அவர் வீட்டில் நிற்கிறதாம். "எவோ 7, 8, 9 மூணுமே செடியா பாடிதான்னு சொல்றாங்க. அப்போ ஒரு 4ஜி63 டர்போ இன்ஜினை இறக்கினா நம்ம வண்டியும் எவோ ஆயிடுமா? ஆகாதுன்னா, அந்த எவோவுல அப்படி என்னதான் இருக்கு?"

ஆகாது தம்பி. இன்ஜினை இறக்கிவிடலாம், ஓடவும் வைத்துவிடலாம். ஆனால் எவோ ஆகாது. ஏன் என்பதற்கு, உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். எவோ, அதாவது மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன், என்றாலே எல்லோரும் டர்போவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் டர்போ அதில் பாதிக்கும் குறைவு. உண்டான சக்தி வீணாகாமல் நாலு சக்கரம் வழியாக ரோட்டில் இறங்குகிறதே, அந்த வேலைதான் எவோ.

லான்சர் எவல்யூஷன் 1992-இல் பிறந்ததே ராலிக்காகத்தான். உலக ராலிப் போட்டியில் குரூப் ஏ பிரிவில் ஓட வேண்டுமானால், அதே வண்டியை 2,500 எண்ணிக்கையாவது செய்து பொதுமக்களுக்கு விற்றாக வேண்டும் என்பது விதி. ஆகவே ராலியில் ஜெயிக்க எது வேண்டுமோ அதை ஷோரூம் வண்டியிலேயே வைத்து விற்க வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு வந்தது. பின்லாந்துக்காரர் டோமி மாக்கினென் 1996-லிருந்து 1999 வரை நான்கு வருடம் தொடர்ந்து உலகப் பட்டம் வென்றது இந்த வண்டிகளில்தான். 1998-இல் கம்பெனிக்கான பட்டமும் மிட்சுபிஷிக்கே கிடைத்தது.

நீங்கள் கேட்கிற தலைமுறை அதற்குப் பிறகு வந்தது. 2001-இல் 7, 2003-இல் 8, 2005-இல் 9. மூன்றுக்கும் கம்பெனிக் குறியீடு சிடி9ஏ. 2001 கடைசியில் மிட்சுபிஷி உலகப் போட்டிக்கென்று வேறு விதியில் ஒரு தனி வண்டியைச் செய்துகொண்டது. ஆனால் ஷோரூம் வண்டியை அதிகம் மாற்றாமல் ஓட்டுகிற குரூப் என் பிரிவில் எவோவும் சுபாரு இம்ப்ரெசாவும்தான் வருஷக்கணக்கில் மோதிக்கொண்டன. 2002-இல் மலேசியாவின் கரம்ஜித் சிங் அந்தப் பிரிவில் உலகப் பட்டம் வென்றாரே, அவர் ஓட்டிய புரோட்டான் பெர்ட் பெயரில்தான் புரோட்டான், உள்ளே இருந்தது எவோ. 2010-இல் நம் சென்னை எம்ஆர்எஃப் அணிக்காக ஜப்பான்காரர் கட்சு டாகுச்சி ஆசிய பசிபிக் ராலிப் பட்டம் வென்றதும் எவோவில்தான். டர்போ இல்லாத செடியா கூட இந்திய ராலிகளில் பல வருடம் நன்றாக ஓடியது. அந்த பாடி அடி தாங்கும் பாடி. மாமா வாங்கியது நல்ல வண்டி, அதில் சந்தேகம் வேண்டாம்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். 4ஜி63 எவோவுக்காகப் புதிதாகச் செய்தது இல்லை. 1981-லேயே லான்சர் ஈஎக்ஸ் 2000 டர்போவில் வந்துவிட்டது. அப்புறம் கலான்ட் விஆர்-4, அங்கிருந்து எவோ. போர், அதாவது சிலிண்டரின் அகலம், 85 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 88; மொத்தம் 1,997 சிசி. பிளாக் வார்ப்பிரும்பு. எடை குறையட்டும் என்று மற்ற கம்பெனிகள் அலுமினியத்துக்குப் போன காலத்திலும், எவோ 9 வரை இரும்பை விடவில்லை. கனம் கூடுதல்தான், ஆனால் சிலிண்டர் சுவர் அசைந்து கொடுக்காது. பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் மாற்றிவிட்டு, கம்பெனி கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு சக்தியை இந்த பிளாக்கில் எடுத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

டர்போ எப்படி வேலை செய்கிறது என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. மகேந்திரகிரியில் இஸ்ரோ விகாஸ் ராக்கெட் இன்ஜினை ஓட்டிச் சோதிக்கிறதே, அதற்குள் ஒரு டர்போ பம்பு இருக்கிறது. சூடான வாயு ஒரு டர்பைனைச் சுற்றும். அந்தச் சுழற்சியில் பம்பு எரிபொருளை அழுத்தி உள்ளே தள்ளும். காரில் சூடான வாயு என்பது சைலன்சருக்குப் போகிற புகை, பம்புக்குப் பதில் காற்றை அமுக்குகிற சக்கரம். அடிப்படை ஒன்றுதான்.

எவோவின் கெட்டிக்காரத்தனம் அந்தப் புகையைக் கொண்டுவருகிற வழியில் இருக்கிறது. நான்கு சிலிண்டரிலிருந்தும் புகை ஒரே சீராக வராது, விட்டு விட்டு உதைக்கும். வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒரு சிலிண்டர் தன் புகையை வெளியே உதைக்கிற நேரத்தில், அதற்கு முந்தைய சிலிண்டரின் வால்வு இன்னும் மூடி முடிந்திருக்காது. நான்கு குழாயும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அந்த உதை திரும்பிப் போய், முந்தைய சிலிண்டர் தன் புகையை முழுதாக வெளியேற்ற விடாது. அதனால் எவோ 4-லிருந்து டர்போவின் வாயை இரண்டாகப் பிரித்தார்கள். 1-க்கும் 4-க்கும் ஒரு பாதை, 2-க்கும் 3-க்கும் இன்னொரு பாதை. உதைகள் ஒன்றையொன்று கெடுக்காமல் வந்து டர்பைனில் அடிக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகு டர்போ எழும்ப ஆகிற தாமதம் இதனால்தான் குறைந்தது.

பேப்பரில் பார்த்தால் எவோ 4-லிருந்து 9 வரை ஜப்பான் வண்டி எல்லாமே 280 பிஎஸ், அதாவது குதிரைத்திறன். முன்னேற்றமே இல்லையோ என்று தோன்றும். எந்த வண்டிக்கும் 280-க்கு மேல் போடுவதில்லை என்று ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் வைத்திருந்த ஒப்பந்தம்தான் அதற்குக் காரணம். 2004 வரை அது இருந்தது. பவரில் கை வைக்க முடியாததால் இன்ஜினியர்கள் டார்க்கில், அதாவது முறுக்கு விசையில், கை வைத்தார்கள். எவோ 4-இல் 353 நியூட்டன் மீட்டர், 5-இல் 373, 7-இல் 383, 8-இல் 392, 9-இல் 400. அந்த 400-உம் வெறும் 3,000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும், ஏனென்றால் 9-இல் காற்று உள்ளே வரும் வால்வுகளைத் திறக்கிற இன்டேக் கேம் ஷாஃப்டின் நேரத்தை ஓட்டத்துக்கு ஏற்ப மாற்றும் மைவெக் சேர்ந்தது. வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டியை இழுப்பது கீழேயும் நடுவிலேயும் இருக்கிற இந்த டார்க்தான். உச்சி ஆர்பிஎம் பவர் அங்கே உதவாது. எனக்கு மூன்றில் பிடித்தது 9 என்றால் முதல் காரணம் இது.

இப்போது நம் ஊர் வெயிலுக்கு வருகிறேன். டர்போ போட நினைக்கிற யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இறங்கக் கூடாது. காற்றை அமுக்கினால் சூடாகும். அமுக்குகிற சக்கரத்தின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, 1 பார் பூஸ்ட் கொடுப்போம், அதாவது வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்கு அழுத்தம். 15 டிகிரி குளிரில் உள்ளே போகிற காற்று சுமார் 105 டிகிரியாக வெளியே வரும். மே மாதம் நாங்குநேரித் தாண்டி 40 டிகிரி வெயிலில் அதே வேலையைச் செய்தால் ஏறக்குறைய 138 டிகிரி. அந்தக் காற்று அப்படியே சிலிண்டருக்குள் போனால், ஸ்பார்க் பற்றவைத்த தீ வந்து சேரும் முன்பே மிச்சப் பெட்ரோல் கலவை தானாக வெடிக்கும். அதைத்தான் நாக்கிங் என்கிறோம். பிஸ்டன் உடைவது அதில்தான். எவோவின் முன் பம்பரில் பெரிய ஓட்டை எதற்கு என்றால் உள்ளே இருந்து அந்தக் காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்காக. அதன் மேல் தண்ணீர் தெளிக்கத் தனியாக நாசில் வேறு. ஆயிலுக்குத் தனிக் கூலர். இத்தனைக்கும் ஜப்பான் எவோவுக்கு அங்கே கிடைக்கிற 100 ஆக்டேன் பெட்ரோலை நினைத்துத்தான் ட்யூனிங் செய்திருந்தார்கள். ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோல் நாக்கிங்கை அதிகம் தாங்கும். உங்கள் செடியா நம் பெட்ரோல் பங்குகளில் கிடைத்த 91 ஆக்டேனை நினைத்துச் செய்தது. இப்போது 100 ஆக்டேன் பெட்ரோல் இந்தியாவிலும் வந்திருக்கிறது, ஆனால் வள்ளியூரிலிருந்து களக்காடு போகிற வழியில் டேங்க் காலியானால் எந்தப் பங்கில் அதைத் தேடுவீர்கள்?

4ஜி63-இல் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். இன்ஜின் அதிர்வைக் குறைக்க இதில் இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட் உண்டு. முன்னால் கவரைக் கழற்றினால் இரண்டு பெல்ட் தெரியும். அகலமானது டைமிங் பெல்ட், அதற்கு உள்ளே ஒல்லியாக ஒன்று பேலன்ஸ் ஷாஃப்டுக்கு. பெரிய பெல்ட்டை மாற்றிவிட்டுச் சின்னது நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுகிற மெக்கானிக்குகள் உண்டு. அந்தச் சின்னது அறுந்தால் சும்மா கீழே விழாது. பெரிய பெல்ட்டின் பல்லுக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும், டைமிங் தாவும், பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கிற வால்வை இடிக்கும். அதோடு ஹெட்டை இறக்க வேண்டியதுதான். இந்த இன்ஜின் எந்த வண்டியில் இருந்தாலும் இரண்டு பெல்ட்டையும், டென்ஷனரையும், வாட்டர் பம்பையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட வேண்டும்.

இனிமேல்தான் எவோவின் உயிர் இருக்கிற இடம்.

செங்கோட்டைப் பக்கத்துப் புளியரை எஸ் வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். சாரல் விழுந்து ரோடு நனைந்திருக்கிறது, கேரளா லாரிகள் சிந்திய டீசல் ஆங்காங்கே படிந்திருக்கிறது. சாதாரண முன்சக்கர வண்டியில் வலது பக்கம் திரும்பும்போது கொஞ்சம் அதிகமாக மிதித்தால், முன் டயர் பிடியை இழந்து வண்டி இடது ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஸ்டியரிங்கை இன்னும் திருப்பினாலும் கேட்காது. பவர் கூடக் கூட இந்தத் தொல்லையும் கூடும். முன் இரண்டு சக்கரத்துக்கு 400 நியூட்டன் மீட்டரைக் கொடுத்தால் அது திரும்புகிற வேலையையும் செய்யாது, இழுக்கிற வேலையையும் ஒழுங்காகச் செய்யாது.

எவோவில் நாலு சக்கரத்துக்கும் பவர் போகும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் பவரைப் பங்கிடுகிற ஒரு சென்டர் டிஃபரன்ஷியல், அடிப்படைப் பங்கு சரிபாதி. 7-இல் அதன் மேல் ஒரு ஹைட்ராலிக் கிளட்ச்சை வைத்து கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். ஏசிடி என்பது அதுதான். நேராகப் போகும்போது இறுக்கிப் பிடித்து முன்பின் சக்கரங்களைச் சேர்த்து இழுக்க வைக்கும். வளைவில் நுழையும்போது தளர்ந்து வண்டியைச் சுலபமாகத் திரும்ப விடும். தார் ரோடு, கப்பி ரோடு, பனி என்று மூன்று நிலை ஓட்டுநர் கையில். ராலி ஓட்டுகிறவர் கொண்டை ஊசி வளைவில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் அந்தக் கணமே கிளட்ச் விட்டுவிடும், பின்பக்கம் மட்டும் சறுக்கித் திரும்பும். வீட்டுக்குச் சாமான் வாங்கப் போகிறவருக்கு இது எதற்கு? தேவையே இல்லை. ஆனாலும் ஷோரூம் வண்டியில் இருந்தது.

அதைவிட முக்கியமானது பின் டிஃபரன்ஷியல். ஏஒய்சி என்ற பெயரில் எவோ 4-லிருந்தே உண்டு. அதற்குள் ஒரு கியர்த் தொகுதியும் இரண்டு ஹைட்ராலிக் கிளட்ச்சும் இருக்கும். ஒரு கிளட்ச் பிடித்தால் டார்க் இடது சக்கரத்தை நோக்கி நகரும், மற்றது பிடித்தால் வலது பக்கம். புளியரையில் வலது வளைவில் முன்பக்கம் தள்ளத் தொடங்கினால், ஸ்டியரிங் கோணமும் சக்கர வேகமும் சொல்கிற சேதியை வைத்து, வெளிப்பக்கமான இடது பின் சக்கரத்துக்குக் கூடுதல் டார்க்கை அனுப்பும். அந்தச் சக்கரம் வண்டியின் பின்புறத்தை உந்தி மூக்கை வலது பக்கம் திருப்பும். இன்றைக்குப் பல வண்டிகள் டார்க் வெக்டரிங் என்று போட்டுக்கொள்வது உள்பக்கச் சக்கரத்தில் கொஞ்சம் பிரேக் பிடித்துச் செய்கிற வேலை. அதில் வேகம் செத்துப்போகும். எவோவில் இதற்குப் பிரேக் பிடிப்பதே கிடையாது, இருக்கிற சக்தியை இடம் மாற்றுவதுதான். 8-இல் அதன் கியர் அமைப்பை மாற்றிச் சூப்பர் ஏஒய்சி ஆக்கினார்கள். நகர்த்தக்கூடிய டார்க்கின் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இந்த வேலைக்குப் பின்னால் இருந்த மிட்சுபிஷி இன்ஜினியர் கவோரு சவாசே. மாக்கினென் பெயர் தெரிந்த ரசிகர்கள் இவர் பெயரையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பாடியிலும் இதே கவனம். வெளியே செடியாவாகத் தெரிந்தாலும், எவோவில் கூடுதல் ஸ்பாட் வெல்டிங், கூடுதல் வலுவூட்டும் தகடுகள். பானெட்டும் முன் ஃபெண்டரும் அலுமினியம். 8-இன் எம்ஆர் மாடலில் கூரையையே அலுமினியமாக்கினார்கள். குறைந்தது சுமார் 4 கிலோதான். ஆனால் அந்த 4 கிலோ இருந்தது வண்டியின் உச்சியில். அங்கே குறைந்தால் வளைவில் பாடி சாய்வது குறையும். இரும்பையும் அலுமினியத்தையும் சாதாரணமாக வெல்டிங் வைக்க முடியாது என்பதால் ரிவெட்டும் பசையும் சேர்த்து ஒட்டினார்கள். 4 கிலோவுக்கு இவ்வளவு மெனக்கெட்ட கம்பெனி, இன்ஜினை மட்டும் மாற்றி எவோ என்று பெயர் வைத்திருக்காது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. இந்தியாவில் வந்த செடியா, திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் செய்தது. இன்ஜின் 4ஜி94, இரண்டு லிட்டர், 115 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர், முன்சக்கர இழுவை. அடியில் படுத்துப் பாருங்கள். நடுவில் பின் சக்கரத்துக்குப் பவர் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட் இல்லை, பின்னால் டிஃபரன்ஷியல் இல்லை. முன்பக்கத்தில் மட்டும் 4ஜி63-ஐ இறக்கினால், நான் மேலே சொன்ன ஈர ரோட்டுத் தொல்லையைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். அந்தப் பவருக்கு கியர் பாக்ஸ், ஆக்சில், பிரேக் எதுவும் போதாது. எவோவில் பிரெம்போ பிரேக், முன்னால் நாலு பிஸ்டன், பின்னால் இரண்டு. நாலு சக்கரத்துக்கும் பவர் கொடுக்கிறேன் என்று இறங்கினால் தரைத்தகட்டையே வெட்ட வேண்டும். வெட்டி ஒட்டின பாடி விபத்தில் எப்படி மடங்கும் என்று எந்த டிங்கரிங் கடையாலும் உங்களுக்கு உறுதி சொல்ல முடியாது.

சட்டமும் விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆர்சி புத்தகத்தில் ஒரு இன்ஜின், வண்டியில் வேறொரு இன்ஜின் என்றால், ஏதாவது நடந்தபின் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். ஜப்பானிலிருந்து பழைய எவோ 9-ஐயே இறக்குமதி செய்யலாமா என்றால் அதுவும் முடியாது; மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை இறக்குமதி செய்ய நம் விதிகள் இடம் கொடுப்பதில்லை.

அதிகாரபூர்வமாக இந்தியாவுக்கு வந்தது எவோ 10 மட்டும், 2010-இல். அது வேறு தலைமுறை. 2007-இல் ஜப்பானில் வந்தபோதே 4ஜி63 போய், அலுமினிய பிளாக்கோடு 4பி11 டர்போ வந்துவிட்டது. ஏசிடி, ஏஒய்சி, ஏபிஎஸ், வண்டி சறுக்குவதைத் தடுக்கும் அமைப்பு எல்லாவற்றையும் ஒரே மூளையின் கீழ் கொண்டுவந்து எஸ்-ஏடபிள்யூசி என்று பெயர் வைத்தார்கள். வண்டி இன்னும் புத்திசாலி ஆனது, இன்னும் கனமும் ஆனது. 2015, 2016-இல் கடைசிப் பதிப்புகளோடு எவோ என்ற பெயரே நின்றுபோனது. ஆனால் எஸ்-ஏடபிள்யூசி நிற்கவில்லை. மிட்சுபிஷி அவுட்லாண்டரின் பிளக்-இன் ஹைப்ரிட் வண்டியில் முன்னால் ஒரு மின்மோட்டார், பின்னால் ஒரு மின்மோட்டார் வைத்து அதே பெயரில் அதே வேலையைச் செய்கிறார்கள். நடுவில் ஷாஃப்டே இல்லாமல் முன்னுக்கும் பின்னுக்கும் நொடியில் பங்கை மாற்ற மின்மோட்டாரால் முடிகிறது. சவாசே கியரையும் கிளட்ச்சையும் ஹைட்ராலிக் ஆயிலையும் வைத்துக்கொண்டு பட்ட பாட்டை இன்று மென்பொருள் செய்கிறது. எவோ விட்டுப்போன சொத்து என்று நான் நினைப்பது இதைத்தான். 

உங்கள் செடியாவுக்கு என் யோசனை: அதை செடியாவாகவே நல்லபடி ஓட வையுங்கள். 2007 வண்டி என்றால் 15 வருடப் பதிவு 2022-லேயே முடிந்திருக்கும். புதுப்பித்திருக்கிறதா என்று ஆர்சியை எடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் ஆர்டிஓ ஆபீஸ் வேலையை முதலில் முடியுங்கள். ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால் டேங்கில் இருக்கிற பழைய பெட்ரோலை இறக்கிவிடுங்கள். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பருக்கு ஆகாது, அதனால் பெட்ரோல் ஹோஸ் எல்லாம் புதிதாகப் போடுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று மாமாவுக்கு நினைவில்லை என்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். அதற்கப்புறம் கன்ட்ரோல் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ், நாலு நல்ல டயர். ஸ்டார்ட் செய்யும் முன் ஆயிலும் கூலன்டும் மாற்றியாக வேண்டும். டயர் எந்த அளவு, எந்தக் கம்பெனி என்று கேட்க வேண்டுமானால், இப்போது போட்டிருப்பதன் பக்கவாட்டில் இருக்கிற எண்களைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.